ஓவன் ஹார்ட் கார்டு இன்னும் உன்கிட்டதான் இருக்கு

மாப்ள குமரேசா,

நல்லா இருக்கியா. தங்கச்சி, குட்டி எல்லாம் சுகமா. உங்கம்மாவ போன ஞாயித்துக்கெழம சந்தைல பாத்தேன், முட்டிக்கு ஏதோ எண்ணெ தேய்க்கிறாங்களாம், கொஞ்சம் பரவாயில்லையாம், உன்ன பத்தி கேட்டா "அவன் எங்கப்பா போன் பண்றான்"னு சொன்னாங்க, அத முதல்ல சரி பண்ணு. நீ மே மாசம் அனுப்புன மெசேஜுக்கு இன்னும் பதில் போடல, தப்பு என் மேலதான். வைகாசி முகூர்த்தம், ஆடில கோயில் திருவிழா, அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி, இப்ப ஐப்பசி முகூர்த்தம்னு மேடை லைட்ட தொங்க விடுற ட்ரஸ் சட்டத்த லாரில ஏத்துறதும் இறக்குறதுமாவே வருஷம் ஓடிருச்சு. வாய்ஸ் நோட்டு போடலாம்னுதான் எடுத்தேன், நீ அத டபுள் ஸ்பீடுல வச்சு கேக்குற ஆளு, இது அப்படி கேக்குற விஷயம் இல்ல. அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படி.

ஒரு ஆர்டர வேணாம்னு சொல்லிட்டேன்டா. 1,80,000 ரூபா. வாங்குன அட்வான்ஸ் 40,000ஐயும் திருப்பிக் குடுத்துட்டேன். வீட்ல நாலு நாளா என்கூட பேச்சு இல்ல, மேடைக்கு வாங்குன எல்இடி ஸ்க்ரீன் ட்யூ அஞ்சாம் தேதி வருது, அவ கோவம் நியாயந்தான். அவகிட்ட எனக்கு காரணத்த ஒழுங்கா சொல்லத் தெரியல. அமெரிக்காவுல 26 வருஷத்துக்கு முன்னாடி WWF ரெஸ்லிங் ஆளு ஒருத்தன் ஷோவுல மேல இருந்து விழுந்து செத்தான், அதனால இந்த வேல வேணாம்னு சொன்னா யாரு ஒத்துக்குவா. உனக்கு மட்டுந்தான் புரியும். அந்தப் பேர சொன்னா நீ திட்டுவ, திட்டு, ஆனா புரியும்.

கல்யாண ரிசப்ஷன். வெளியூர் ஈவென்ட் பார்ட்டி ஒருத்தரு, யாருன்னு வேணாம் விடு. பொண்ணு கீழ மேடைல நிக்கும், மாப்பிள்ள மேல இருந்து, புகைக்கு நடுவுல, ரோப்புல இறங்கி வரணும். அது வரைக்கும் சரி, செய்யலாம், முறையா ஹார்னஸ் பெல்ட் போட்டு, ரெண்டு லைன் குடுத்து, யு வளையத்துல பின் முறுக்குற ஷாக்கிள் போட்டு மெதுவா இறக்கலாம். அடுத்து சொன்னாரு பாரு, "தரைக்கு வந்த உடனே அவரே டக்குனு ஒரு இழுப்புல கழட்டிட்டு ஓடிப்போயி பொண்ணு கையப் புடிக்கணும், உங்க பசங்க வந்து ஷாக்கிள் பின்ன முறுக்கிக்கிட்டு நின்னா வீடியோல நல்லாருக்காது"ன்னு. அவ்வளவுதான்டா, எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு. அந்த "டக்குனு"ங்கிற வார்த்த இருக்கு பாரு. அதுக்குன்னே ஒரு கொக்கி இருக்கு, இழுத்தா தொறந்துக்கும், ஆள் தொங்கிக்கிட்டு இருந்தாலும் தொறந்துக்கும். ஓவன் ஹார்ட் தொங்குனது அதுலதான்.

நீ மறந்திருக்க மாட்ட. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி, கெம்பர் அரினா, ஓவர் தி எட்ஜ் ஷோ. நமக்குத் தெரிய ஒரு வாரம் ஆச்சு, சேவியரோட அண்ணன் இங்கிலீஷ் பேப்பர்ல பாத்துட்டு வந்து டீக்கட பெஞ்சுல சொன்னாரு. நீ நம்பல. "அண்டர்டேக்கர் ஏழு தடவ செத்துப் பொழச்சவன்டா, அவன உயிரோட புதைச்சே காட்டுனாங்க, திரும்பி வரல? இவனும் வருவான்"னு அடிச்சு சொன்ன. பந்தயம் கட்டுனோம். ஓவன் திரும்பி வந்தா அவன் படம் போட்ட WWF ட்ரம்ப் கார்டு உனக்கு, வரலன்னா எனக்கு. முடிவு தெரியுற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்னு நீயே வாங்கி வச்சுக்கிட்ட. என் கட்டுல இருந்த கார்டுடா அது. உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ்னு எல்லாத்துலயும் சுமாரா இருக்கும், அத எறக்குனா தோத்துருவோம், ஆனா எனக்கு அது புடிக்கும்.

உனக்கு ஏன் அவனப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆஸ்டின் கழுத்து. 1997 சம்மர்ஸ்லாம், ஆஸ்டின தலகீழா தூக்கி உக்காந்தான், ஆஸ்டின் தல அவன் முட்டிக்குக் கீழ இறங்கியிருந்துச்சு, நேரா மண்டைல எறங்கி கழுத்து போச்சு. உன் ஆளு அப்புறம் கழுத்துக்கு ஆபரேஷன் பண்ணி, வந்து, 2003ல ராக் கூட ஆடுன மேட்சோட ரெகுலரா ஆடுறத முடிச்சுக்கிட்டான். அதுக்கு காரணம் ஓவன்தான், நான் மறுக்கல. ஆனா அந்த மேட்ச போன மாசம் மறுபடி பாத்தேன். நீயும் ஒரு தடவ பாரு. ஆஸ்டின் அசையாம கெடக்கான், கை கால் வேல செய்யல. அப்ப ஓவன் என்ன பண்றான், பின் போடல, அதாவது அமுக்கிப் புடிச்சு ஜெயிக்கப் பாக்கல. கூட்டத்தப் பாத்து கத்துறான், வம்பு இழுக்குறான், ரிங்குல அங்கயும் இங்கயும் நடக்குறான். சின்ன வயசுல திமிரு புடிச்சவன்னு நெனச்சோம். அவன் நேரம் வாங்குறான்டா. எதிராளிக்கு உணர்வு வர வரைக்கும் கூட்டத்தோட கண்ண தன் பக்கம் இழுத்து வச்சிருக்கான். அப்புறம் ஆஸ்டின் தவழ்ந்து வந்து பின்னாடி இருந்து சுருட்டிப் புடிக்கிறான், இவனும் அப்படியே விழுந்து மூணு எண்ணிக்கைக்கும் அசையாம கெடக்கான். தப்பு நடந்தது ஒரு செகண்டுல. அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்ன செஞ்சான்னும் பாக்கணும்ல.

இத்தன வருஷம் ரெஸ்லிங் பொய்யா நெசமான்னு சண்ட போட்டோம்ல, நீ நெசம்னு சொன்ன காலத்துல நான் டிராமான்னேன், காலேஜ் போனதும் நீ டிராமான்னு சொல்ல நான் நெசம்னேன். இப்ப எனக்கு வேற மாதிரி தோணுது. ரிங்குக்குள்ள அடிக்கிறவன்தான் காப்பாத்துறவன். தூக்கிப் போடுறவன் கைலதான் விழறவனோட கழுத்து இருக்கு. ஹோகன் ஆண்ட்ரேவ தூக்குனத எடுத்துக்க, 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3, போன்டியாக் சில்வர்டோம், 93,173 பேருன்னு கணக்கு சொன்னாங்க. (ஹோகன் போன ஜூலைல போயிட்டான், 71 வயசு, அன்னைக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு, அப்பவே எழுதியிருக்கணும்.) ஆண்ட்ரே முதுகுல முந்தின வருஷம்தான் ஆபரேஷன் நடந்துருக்கு, உடுப்புக்குள்ள முதுகுக்கு பட்ட கட்டிக்கிட்டு வந்துருக்கான். அந்த ஆளு நெனச்சிருந்தா ஹோகனால ஒரு அடி கூட தூக்கியிருக்க முடியாது. தூக்க விட்டான். அந்த எடைய, அந்த வலியோட, இன்னொருத்தன் தோளுக்கு குடுத்தான். அந்த ஒரு நிமிஷத்துலதான் ஹோகன் ஹோகன் ஆனான்.

மேன்கைண்டும் அப்படித்தான். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், கூண்டு மேல இருந்து அண்டர்டேக்கர் தூக்கி எறிஞ்சது, 16 அடி, கமெண்டரி டேபிள் சல்லி சல்லியா போச்சு. அத எத்தன தடவ கேபிள் அண்ணன்கிட்ட கெஞ்சி பாத்திருப்போம். முதல் தடவ விழுந்தது அவங்க ரெண்டு பேரும் பேசி வச்சது. ரெண்டாவது தடவ, ஸ்ட்ரெச்சர்ல இருந்து எந்திரிச்சு மறுபடி ஏறி வந்தப்புறம், கழுத்தப் புடிச்சு தூக்கிப் போடுற சோக்ஸ்லாம் போட்டப்ப கூண்டுக் கூரையே பிச்சுக்கிட்டு ரிங்குக்குள்ள விழுந்தான் பாரு, அது அப்படி நடக்கணும்னு யாரும் நெனைக்கல. மேல இருந்த இரும்பு நாற்காலியும் கூடவே வந்து மூஞ்சில எறங்கி பல்லு போச்சு. இப்ப ட்ரஸ் வேல பாக்குற கண்ணோட அத பாத்தா எனக்கு வயிறு கலங்குது, அந்த வலைப் பலகை ரெண்டு ஆள் எடைக்கே எப்படி தொய்யுது பாரு, நடக்கும்போதே உள்வாங்குது. அண்டர்டேக்கருக்கு அன்னைக்கு கால்ல எலும்பு ஒடஞ்சிருந்துச்சு, அதோட கூண்டு ஏறியிருக்கான். மேல நின்னு ஓட்ட வழியா கீழ எட்டிப் பாக்குறான்ல, அந்த பார்வ. சின்னதுல பேய் பாக்குற மாதிரி இருந்துச்சு. இப்ப பாத்தா கூட வேல பாக்குறவன் உயிரோட இருக்கானான்னு பாக்குற பார்வ அது.

ஓவனுக்கு அன்னைக்கு மேல அப்படி ஒரு கை இல்ல. அதான்டா என்னால தாங்க முடியாதது. எதிராளி காட்ஃபாதர் இன்னும் அரங்குக்குள்ளயே வரல. பிடிச்சிருந்தது ஒரு கொக்கி மட்டுந்தான்.

அது ஒரு காமெடி சீன்டா. ப்ளூ ப்ளேசர்னு சூப்பர் ஹீரோ மாதிரி நீல டிரஸ், முகமூடி, றெக்க வச்ச மேலங்கி. பெரிய வீரன் மாதிரி கூரைல இருந்து இறங்கி வந்து, தரைக்கு கொஞ்சம் மேல வரும்போது சிக்கிக்கிட்ட மாதிரி தடுமாறி, தானே கழட்டி, தொப்புன்னு மூஞ்சி குப்புற விழணும், சனம் சிரிக்கணும். அந்த சிரிப்புக்காகத்தான் டக்குனு கழட்டுற கொக்கி. அது பாய்மரப் படகுக்கு செஞ்ச கொக்கின்னு அவன் பொண்டாட்டி மார்த்தா எத்தனையோ தடவ சொல்லிருக்காங்க. ஆறு பவுண்டு இழுத்தா தொறந்துக்கும். நம்ம கணக்குல மூணு கிலோ கூட இல்ல மாப்ள, எங்க வீட்டு இட்லி மாவு தூக்குவாளி அத விட கனம். மேல தொங்கிக்கிட்டு, உடம்ப சரி பண்ணிக்க, மேலங்கிய ஒதுக்கிக்க கொஞ்சம் அசைஞ்சிருக்கான். அவ்வளவுதான். 78 அடி. ஏழு மாடி. ரிங் மூலைக்கு ஒரு அடி தள்ளி மேல் கயித்துல நெஞ்சு மோதி உள்ள விழுந்தான். 34 வயசு, ரெண்டு குழந்தைங்க.

டிவில பாத்தவங்களுக்கு அது தெரியல, அந்த நேரம் ஏற்கனவே எடுத்து வச்ச வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, அரங்குல இருட்டு. கேமரா திரும்பி வந்தப்ப கூட்டத்தத்தான் காட்டுனாங்க, கமெண்டேட்டர் ஜிம் ராஸ் இது ஷோவுல உள்ளது இல்லன்னு திரும்பத் திரும்ப சொன்னாரு, ஏன்னா நம்ப மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். நீ நம்பலேல்ல, அதே மாதிரிதான். அப்புறம், இதான் எனக்கு இன்னைக்கும் ஆறாதது, ஷோவ நிறுத்தல. அவனத் தூக்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல அதே ரிங்குல அடுத்த மேட்ச். போனது யாரு, ஜெஃப் ஜாரட், ஓவனோட நெருங்குன கூட்டாளி. இறந்துட்டான்னு டிவி பாக்குறவங்களுக்கு ஜிம் ராஸ் சொன்னாரு, அரங்குல இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு சொல்லவே இல்ல. கடைசியா ஆஸ்டினும் அண்டர்டேக்கரும் அந்த ரிங்குல உருண்டாங்க. நம்ம ஊர்ல திருவிழாவுல ஒருத்தன் சாரத்துல இருந்து விழுந்தா, மைக் செட்ட அந்த நிமிஷமே அணைச்சிருவாங்க, சாமியே நடுவீதில நிக்கும்.

அவன் அண்ணன் பிரெட்ட நெனச்சுப் பாரு. 1997 நவம்பர்ல மான்ட்ரியால்ல அவன ஏமாத்தி பெல்ல அடிச்சு பெல்ட்ட ஷான் மைக்கேல்ஸ் கைல குடுத்தாங்கள்ல, கம்பெனி ஓனர் வின்ஸ் மூஞ்சில காறித் துப்பிட்டு பிரெட் கெளம்பி போயிட்டான். தம்பி அங்கயே இருந்துட்டான். நம்ம நாலு பேரும் மான்ட்ரியால் பத்தி விடிய விடிய பேசிருக்கோம், யாரு துரோகி, யாருக்குத் தெரியும், ரெஃப்ரீ என்ன பண்ணான்னு. பெல்ட்டு பறிபோனதுக்கு அவ்வளவு பேசுனோம். ஒண்ணரை வருஷம் கழிச்சு அதே வீட்டுப் புள்ள செத்ததுக்கு நாம ஒரு பந்தயம் கட்டிட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டோம்டா. வேர்ல்டு கப் நடந்துக்கிட்டு இருந்துச்சு. பன்னெண்டு வயசு, தப்பு சொல்ல முடியாது. ஆனா எனக்கு இப்ப 38, அவன விட நாலு வயசு மூத்தவன் ஆயிட்டேன், என் வேலையே ஆள் தலைக்கு மேல கனத்தத் தொங்க விடுறது.

சரி, ஆர்டர் விஷயத்துக்கு வரேன். நான் அந்த பார்ட்டிகிட்ட சொன்னேன், சார், இறக்குறேன், ஆனா பின் முறுக்குன ஷாக்கிள்தான், அதுக்கு மேல கட்டுக்கம்பி போட்டு முறுக்கித்தான் விடுவேன், தரைக்கு வந்து கால் ஊனினப்புறம் என் பையன் வந்துதான் கழட்டுவான், ஒரு நிமிஷம் ஆகும், அந்த ஒரு நிமிஷம் புகையப் போட்டு மறைச்சிருவோம்னு. அவரு ஒத்துக்கல. மாப்பிள்ள கேட்டது அதில்லையாம். அப்ப நம்மால முடியாது சார்னு சொல்லிட்டேன்.

வேற ஆள வச்சு நடத்துனாங்க. நீ கேப்ப, அப்புறம் என்ன ஆச்சுன்னு. ஒண்ணும் ஆகல. அருமையா நடந்துச்சு. மாப்பிள்ள இறங்குனான், ஒரு இழுப்புல கழட்டுனான், ஓடிப்போயி கையப் புடிச்சான், ரீல்ஸ்ல சுத்துது, எங்க ஸ்டேட் ஃபுல்லா பாத்துட்டாங்க போலருக்கு. வீட்ல அத எனக்கு முன்னாடி போட்டுக் காட்டுனா, ஒரு வார்த்த பேசாம. அதுதான் மாப்ள எனக்கு உறுத்துது. நடந்தது நல்லபடியா நடந்தது, அந்தப் பையன் நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனா ஓவனும் முந்தின வருஷம் 1998ல இதே ப்ளூ ப்ளேசர் வேஷத்துல மேல இருந்து இறங்கியிருக்கான். நல்லபடியாத்தான் வந்து சேந்தான். ஷான் மைக்கேல்ஸ் 1996 ரெஸில்மேனியாவுல கூரைல இருந்து கம்பில சறுக்கி வந்தான், அப்புறம் பிரெட் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனான், நமக்கெல்லாம் அது சொர்க்கம். ஸ்டிங் அந்தப் பக்கம் போட்டிக் கம்பெனி WCWல பல தடவ கூரைல இருந்து இறங்குனான். எல்லாரும் பத்திரமா இறங்குனாங்க. போன தடவ ஒண்ணும் ஆகலைங்கிறது அந்தக் கொக்கிக்குத் தெரியாதுடா. அதுக்குத் தெரிஞ்சது மூணு கிலோ இழுப்பு மட்டும்.

என் பசங்ககிட்ட நான் இத சொல்லிருக்கேன், பேரு சொல்லாம. புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், பத்தொம்பது வயசு, ட்ரஸ்ல குரங்கு மாதிரி ஏறுவான், பெல்ட் போடச் சொன்னா "அண்ணே அஞ்சு நிமிஷ வேலதானே"ம்பான். அன்னைக்கு ஒரு ஷாக்கிள எடுத்து அவன் கைல குடுத்து, கண்ண மூடிட்டு பின்ன தடவிப் பாருடா, திருகு முழுசா உள்ள போயிருக்கா, அரை சுத்து பாக்கியா, விரல்ல தெரியணும்னு சொன்னேன். தடவுனான். அரை சுத்து பாக்கி இருந்துச்சு. அவனே போட்டது. மூஞ்சி வெளுத்துருச்சு அவனுக்கு. அதுல இருந்து பெல்ட்ட கழட்டுறதே இல்ல, டீ குடிக்கப் போனாலும் மாட்டிக்கிட்டே போறான்.

நீ கப்பல் பட்டறைல இருக்குறவன், இதெல்லாம் உனக்கு என்ன விட நல்லா தெரியும், அதனாலயும்தான் உனக்கு எழுதுறேன். நான் செஞ்சது சரியா, இல்ல ரொம்ப பயந்துட்டேனா, உன் அபிப்ராயத்த ஒளிக்காம சொல்லு. ஆளுக்கு ஹார்னஸ்ல கழட்டுற மாதிரி, ஆனா ரெண்டு தடவ பூட்டுத் தொறந்தாத்தான் தொறக்குற கொக்கி அங்க வச்சிருப்பீங்கள்ல, அதுல நல்லதா ரெண்டு என்ன வெல வரும்னு விசாரி. அடுத்த தடவ எவனாவது இப்படி கேட்டா முடியாதுன்னு மட்டும் சொல்லாம, இப்படி செய்யலாம்னு சொல்ல எனக்கு கைல ஒண்ணு வேணும். காசு பொங்கலுக்கு வரும்போது குடுத்துடுறேன், வட்டி கேக்காத, பத்தாவது பப்ளிக் எக்ஸாம் அன்னைக்கு யாரு உனக்கு பேனா குடுத்தான்னு ஞாபகம் வச்சுக்க.

சேவியருக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்திருக்கு, அவன் அண்ணன் பழைய டீக்கடைய இடிச்சுட்டு மொபைல் கட போட்டுட்டாரு, பெஞ்சு மட்டும் வாசல்ல கெடக்கு. என் பையன் ஜான் சீனா பைத்தியம், ஏப்ரல்ல 17வது தடவ சாம்பியன் ஆனதுக்கு தெருவுக்கே மிட்டாய் குடுத்தான். அவன் பழைய கார்டு கட்ட கேக்குறான். எடுத்து எண்ணிப் பாத்தேன், ஒண்ணு குறையுது.

26 வருஷம் ஆச்சு. இதுக்கு மேலயும் அவன் வருவான்னு நீ காத்திருக்க வேணாம் மாப்ள. உங்கம்மா சொன்னாங்க, உன் ஸ்கூல் சாமானெல்லாம் பரண்ல ஒரு நீல டிரங்குப் பெட்டில இருக்காம், சாவி உன்கிட்டயாம். பொங்கலுக்கு வரும்போது சாவிய எடுத்துட்டு வா. அந்தக் கார்ட என் டூல் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டப் போறேன், ஷாக்கிள் எடுக்க மூடியத் தொறக்கும்போதெல்லாம் பசங்க கண்ணுல படுற மாதிரி. யாருன்னு கேட்டா சொல்றேன்.

லாரி வந்துருச்சு, கீழ ஹாரன் அடிக்கிறான். இன்னைக்கு கும்பகோணம் பக்கம் ஒரு வளைகாப்பு, வெறும் லைட்டுதான், யாரும் பறக்கல.

உன்,
பாலு